ஆய்வக முடிவைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் போர்டில் யார்? பயோடெக் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியப் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்டுள்ள உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் நியமனம் மற்றும் ஊதியக் குழுத் தலைவர்கள், உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஆண்டறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கும் சிறு பங்குதாரர்களும், மருந்து ஆலைகளில் தரப்பிரிவில் வேலை பார்ப்பவர்களும், கம்பெனிச் சட்டம் அறிந்தவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். இயக்குநர்களின் பின்னணி என்று நீங்கள் அச்சிடும் பக்கங்களில் அவர்கள் வகித்த பதவிகளும் வாங்கிய விருதுகளும் இருக்கின்றன. போர்டு கூட்டத்தில் எந்தத் தாளை வைத்தால் அவர்களால் அதைப் படித்துக் குறுக்குக் கேள்வி கேட்க முடியும் என்பது மட்டும் இல்லை. அதை எழுதுங்கள் என்கிறோம்.

சட்டம் உங்களிடம் ஏற்கெனவே நிறையக் கேட்கிறது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் அட்டவணை 5-இன்படி, போர்டுக்குத் தேவையான திறன்களை ஒரு கட்டமாகப் போட்டு, எந்தத் திறன் எந்த இயக்குநரிடம் உள்ளது என்று பெயரோடு காட்டவேண்டும். உதய் கோட்டக் தலைமையிலான குழு 2017-இல் பரிந்துரைத்து வந்த மாற்றம் இது. திறன்களின் பட்டியல் 2019 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்தும், பெயர்கள் 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டிலிருந்தும் கட்டாயமாயின. விதி 36(3) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவரைச் சுயேச்சை இயக்குநராக (நிறுவனத்தோடும் அதை நடத்துபவர்களோடும் பணத் தொடர்பில்லாத இயக்குநராக) நியமிக்கப் பங்குதாரர்களிடம் ஒப்புதல் கேட்கும்போது, அந்தப் பொறுப்புக்கு என்ன திறன் வேண்டும், இவர் அதை எப்படி நிறைவு செய்கிறார் என்று நோட்டீசிலேயே சொல்லவேண்டும்.

நடைமுறையில் என்ன வருகிறது? ‘தலைமைப் பண்பு’, ‘நிதி’, ‘உலகளாவிய வணிகம்’, ‘நிர்வாக நெறி’, ‘உயிர் அறிவியல்’ என்று ஐந்தாறு தலைப்புகள். பத்து இயக்குநர்கள். ஏறத்தாழ எல்லாக் கட்டத்திலும் டிக். எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று காட்டும் அட்டவணையால் யாருக்கும் பயனில்லை. ‘உயிர் அறிவியல்’ என்ற கட்டத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் முன்னாள் விற்பனைத் தலைவருக்கும் டிக், புரதச் சுத்திகரிப்பில் முப்பது ஆண்டு கழித்தவருக்கும் அதே டிக். படிக்கிற பங்குதாரருக்கு இருவரும் ஒன்றுதான்.

இந்த டிக் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் தெரனோஸைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2003-இல் கலிபோர்னியாவில் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய இந்த நிறுவனம், விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளைச் செய்யமுடியும் என்றது. 70 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. 2014 வாக்கில் அதன் மதிப்பு சுமார் 900 கோடி டாலர். அதன் போர்டைப் பாருங்கள்: முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் ஜார்ஜ் ஷூல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிஞ்சர், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, முன்னாள் செனட்டர் சாம் நன், கடற்படையில் ஓய்வுபெற்ற அட்மிரல் கேரி ரஃப்ஹெட், ஜெனரல் ஜேம்ஸ் மாட்டிஸ், வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் கோவாசெவிச்.

அந்த போர்டில் அறிவியலே இல்லை என்று பலரும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல, நமக்கு வேண்டிய பாடமும் அதில் தவறிவிடும். பெர்ரி கணிதத்தில் முனைவர். செனட்டராக இருந்த பில் ஃப்ரிஸ்ட் இதயம், நுரையீரல் மாற்று அறுவை செய்த மருத்துவர். பின்னர் சேர்ந்த வில்லியம் ஃபேகி பெரியம்மை ஒழிப்பில் பெரும்பங்கு வகித்த தொற்றுநோயியலாளர், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் முன்னாள் இயக்குநர். உங்கள் அட்டவணையை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் ‘தொழில்நுட்பம்’, ‘மருத்துவம்’ இரண்டிலும் பொய்யில்லாமல் டிக் விழுந்திருக்கும். இல்லாமல் போனது, தினமும் ரத்தப் பரிசோதனைக் கருவியை ஓட்டி, அதன் முடிவில் கையெழுத்திடும் ஆய்வக மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவர்.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தெரனோஸின் சொந்தக் கருவி பன்னிரண்டு வகைப் பரிசோதனைகளுக்குத்தான் நடைமுறையில் பயன்பட்டது. மற்றவற்றுக்குச் சீமென்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களின் வழக்கமான கருவிகள். அந்தக் கருவிகள் கை நரம்பிலிருந்து எடுக்கும் மில்லிலிட்டர் கணக்கிலான மாதிரிக்காகச் செய்யப்பட்டவை. விரல் நுனியின் சில சொட்டு அவற்றுக்குப் போதாது. அதனால் மாதிரியில் நீர்மம் சேர்த்து அளவைக் கூட்டி ஓட்டினார்கள். நீர்க்கச் செய்தால் அளக்கவேண்டிய பொருளின் செறிவு குறையும். கருவி நம்பகமாக அளக்கக்கூடிய வரம்புக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு வரும் எண்ணை மீண்டும் பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும். விரலைப் பிழிந்து எடுக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைவது சகஜம். உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, நலமாக இருப்பவருக்கும் பொட்டாசியம் ஏறியிருப்பதாகக் காட்டும். எந்த மருத்துவமனை ஆய்வகத்திலும் அனுபவமுள்ள டெக்னீஷியனுக்கு இது தெரியும்.

ஆகவே ஆய்வகம் அறிந்தவர் கேட்கும் கேள்விகள் மூன்று. ஒரே நபரிடம் விரலிலும் நரம்பிலும் ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளின் முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன? ஒரே மாதிரியை இருபது முறை ஓட்டினால் எண்கள் எத்தனை சதவீதம் சிதறுகின்றன? வெளியமைப்பு அனுப்பும் தரச்சோதனை மாதிரிகளை எந்தக் கருவியில் ஓட்டினீர்கள், நோயாளியின் மாதிரி ஓடும் அதே கருவியிலா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டிருந்தால் கதை அந்த இடத்திலேயே நின்றிருக்கும். வெளியுறவு அமைச்சர் எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும் இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றாது. அது அவருடைய குறையல்ல. அவரை அந்த நாற்காலியில் அமர்த்தியவர்களின் குறை.

அங்கே ஆய்வகத்தின் சட்டப்பூர்வ இயக்குநராக ஒரு காலகட்டத்தில் கையெழுத்திட்டவர் ஒரு தோல் மருத்துவர். நிறுவனத்தின் தலைவராக இருந்த ரமேஷ் பால்வானிக்கு நெடுநாள் சிகிச்சை அளித்தவர். அந்தப் பொறுப்பில் இருந்தபோது ஆய்வகத்துக்கு அவர் மிக அரிதாகவே போனார் என்பது நீதிமன்றச் சாட்சியத்தில் வெளிவந்தது. எம்.டி. பட்டம் இருந்தது, உரிமம் இருந்தது, விதியின் எழுத்து நிறைவேறியது. பட்டத்தைப் பார்த்து டிக் போடுவதன் ஆபத்து இதுதான்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2015 அக்டோபரில் பத்திரிகைச் செய்தி வெடித்தது. 2016-இல் நிறுவனம் தன் கருவியில் இரண்டு ஆண்டு எடுத்த முடிவுகளைச் செல்லாதவை என்றது. ஆய்வக உரிமம் ரத்தானது. அறிவியல், மருத்துவ ஆலோசனைக் குழு என்று ஒன்றை ஆய்வக வல்லுநர்களோடு அமைத்தது 2016 ஏப்ரலில். அதாவது எல்லாம் கைமீறிய பிறகு. 2018 செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. 2022-இல் ஹோம்ஸுக்கு 11 ஆண்டு 3 மாதமும், பால்வானிக்கு 12 ஆண்டு 11 மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு, பயோடெக் நிறுவனத்துக்கு விஞ்ஞானிதான் தலைவராக வேண்டும் என்று நாங்கள் வாதாடுவதாக நினைக்கவேண்டாம். அமெரிக்க பயோடெக் நிறுவனமான ஜெனன்டெக்கை 1976-இல் தொடங்கியபோது ராபர்ட் ஸ்வான்சன் முதலீட்டுத் துறையிலிருந்து வந்தவர். பக்கத்தில் உயிர்வேதியியலாளர் ஹெர்பர்ட் போயர் இருந்தார். அந்த ஜோடிதான் இரண்டே ஆண்டில் மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் உருவாக்கிக் காட்டிய நிறுவனத்தை நடத்தியது. பெங்களூரில் 1978-இல் பயோகானைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா ஆஸ்திரேலியாவில் பீர் வடிக்கும் கலையை முறையாகப் படித்தவர். முனைவர் பட்டம் பெற்று ஆராய்ச்சியில் இருந்தவரல்ல. ஆனால் நொதித்தல் கலத்துக்குள் நடப்பது அவருக்குக் கைவந்த வேலை. பப்பாளியிலிருந்து எடுக்கும் பாப்பெயின் என்சைமில் ஆரம்பித்த நிறுவனம் இன்சுலின் வரை போனதற்கு அந்தக் கைவேலை அடித்தளம். பயோகான் போர்டில் எம்.ஐ.டி.யின் நொதித்தல் பொறியியலாளர் சார்லஸ் கூனியும், ஹார்வர்டின் நோயெதிர்ப்பியலாளர் விஜய் குச்ரூவும் சுயேச்சை இயக்குநர்களாக இருந்திருக்கிறார்கள். நாங்கள் பேசும் பொருத்தம் இந்த வகை: நிறுவனம் செய்யும் வேலைக்கும், அதைக் கேள்வி கேட்பவரின் தேர்ச்சிக்கும் உள்ள பொருத்தம்.

ஆகவே முதல் வேண்டுகோள்: ‘உயிர் அறிவியல்’ என்ற ஒற்றைக் கட்டத்தை உடையுங்கள். கண்டுபிடிப்பு நிலை உயிரியல், உற்பத்தி முறை உருவாக்கமும் பெருக்கமும், தரமும் தரவு நேர்மையும், மருத்துவப் பரிசோதனை வடிவமைப்பும் புள்ளியியலும், ஒழுங்குமுறை அனுமதி, காப்புரிமை, மருந்து விற்பனைக்கு வந்த பிறகான பாதுகாப்புக் கண்காணிப்பு என ஏழாகப் பிரிக்கலாம். எல்லா நிறுவனத்துக்கும் ஏழும் வேண்டியதில்லை. பிற நிறுவனங்களுக்காக ஆராய்ச்சி செய்துதரும் ஒப்பந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கடைசியது தேவைப்படாது. தடுப்பூசி நிறுவனத்துக்கு அது இல்லாமல் ஆகாது. ஒவ்வொரு கட்டத்திலும் டிக்குக்குப் பதிலாக மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன வேலையை நேரடியாகச் செய்தார், எத்தனை ஆண்டு, கடைசியாகச் செய்தது எந்த ஆண்டு. மூன்றாவது விவரம் மிக முக்கியம். 1990-களில் ஆய்வக வேலையை விட்டு நிர்வாகத்துக்குப் போனவருக்கு இன்றைய ஒருமுறைப் பயன்பாட்டு பயோரியாக்டரும் மின்னணு பேட்ச் பதிவும் புதிதாக இருக்கும். அது குற்றமில்லை, பங்குதாரருக்குத் தெரிந்தால் போதும். ஏழில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். காலிக் கட்டம்தான் அடுத்த நியமனத்துக்கு வழிகாட்டி.

இதில் ஒழுங்காக நிரப்பப்படாத இடம் எங்கே என்று கேட்டால், உற்பத்தியும் தரமும் என்றே சொல்வோம். பேராசிரியர்கள் கிடைக்கிறார்கள், மருத்துவர்கள் கிடைக்கிறார்கள், முதலீட்டு வங்கியாளர்கள் தாராளமாகக் கிடைக்கிறார்கள். ஆலையில் வளர்ந்தவர்கள் போர்டுக்கு வருவது அபூர்வம். ஆனால் பயோடெக் நிறுவனத்தின் பணம் அதிகம் முடங்குவது அங்கேதான்.

ஓர் உதாரணம். 10 லிட்டர் கலத்தில் நன்றாக விளைந்த ஒரு ஈ. கோலை பாக்டீரியா நொதித்தலை 10,000 லிட்டருக்குக் கொண்டுபோகிறீர்கள். கொள்ளளவு ஆயிரம் மடங்கு கூடும்போது, வெப்பத்தை வெளியேற்றும் வெளிப்பரப்பு அதே வடிவக் கலத்தில் நூறு மடங்குதான் கூடும். வெளிச்சுவரில் ஓடும் குளிர்நீர் போதாமல் வெப்பம் ஏறும். ஆக்சிஜன் கரையும் வேகமும் அதே விகிதத்தில் உயராது. சின்னக் கலத்தில் சில விநாடியில் கலந்துவிடும் குளுக்கோஸ், பெரிய கலத்தில் சீராகப் பரவ ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். ஊற்றும் இடத்துக்கு அருகில் இருக்கும் செல்கள் சர்க்கரையில் மூழ்கி அசிட்டேட்டைக் கக்கும், தூரத்தில் இருப்பவை பட்டினி கிடக்கும். விளைச்சல் சரியும், சில சமயம் புரதத்தின் தன்மையே மாறும். இதை அறிந்த இயக்குநர், ‘உற்பத்தி முறை உறுதியாகிவிட்டது’ என்ற ஒருவரிச் செய்தியை ஏற்கமாட்டார். வணிக அளவில் அடுத்தடுத்து எத்தனை பேட்ச் தேறியது என்று கேட்பார். வழக்கமாக மூன்று தொடர் பேட்சுகள் எதிர்பார்க்கப்படும். மூன்றைத் தேற்ற மொத்தம் எத்தனை ஓட்டவேண்டியிருந்தது, இடையில் தோற்றவை ஏன் தோற்றன என்றும் கேட்பார். மூன்று என்ற எண் பத்திரிகைக் குறிப்பில் வந்துவிடும். அதற்காக ஓட்டிய மொத்த எண்ணிக்கை வராது.

தரவு நேர்மை இன்னொன்று. மருந்தின் தூய்மையை அளக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவியில் அதிகாரப்பூர்வமாக ஓட்டுவதற்கு முன் ‘சும்மா ஒன்று’ ஓட்டிப் பார்த்து, முடிவு பிடிக்காவிட்டால் அதைக் கணக்கில் காட்டாமல் விடுவது பல ஆலைகளில் பிடிபட்ட தவறு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் கருவியின் தணிக்கைத் தடத்தை (யார், எப்போது, எதை ஓட்டினார் என்று கருவியே வைக்கும் பதிவை) நேராகத் திறந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டதைப் படிவம் 483-இல் எழுதிக் கொடுப்பார்கள். 15 வேலை நாளுக்குள் பதில் போகவேண்டும். நாங்கள் கேட்பது: படிவம் 483-இன் முழு நகல், நிர்வாகம் எழுதிய சுருக்கத்தோடு சேர்த்து, வந்த அன்றே எல்லா இயக்குநர்களுக்கும் போகட்டும். சுருக்கத்தில் ‘நடைமுறை சார்ந்த கவனிப்புகள்’ என்று மழுங்கடிக்கப்படுவது மூலத்தில் என்னவாக இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். தரப்பிரிவுத் தலைவர் ஆண்டுக்கு இருமுறையாவது, நிர்வாக இயக்குநர் உடன் இல்லாமல், போர்டின் ஒரு குழுவைச் சந்திக்கட்டும்.

புதிய இயக்குநர்களுக்கான அறிமுகப் பயிற்சியும் இதோடு சேர்ந்தது. விதி 25(7) கேட்கிறது என்பதற்காக, மாநாட்டு அறையில் நடக்கும் இரண்டு மணி நேர ஸ்லைடு காட்சியை இணையதளத்தில் ‘பயிற்சி நேரம்’ என்று போடுகிறீர்கள். அதற்குப் பதில் ஒரு முழு நாள் ஆலையில் செலவிடச் செய்யுங்கள். மேலங்கி மாற்றி உள்ளே போகட்டும். கடந்த ஆண்டின் பேட்ச் எண்களில் ஒன்றை இயக்குநரே தேர்ந்தெடுக்கட்டும். அந்த பேட்சின் தயாரிப்புப் பதிவையும், கருவியின் மூலத் தரவையும், வகுத்த முறையிலிருந்து அதில் ஏற்பட்ட ஒரு விலகலின் விசாரணை அறிக்கையையும் எதிரெதிரே வைத்து, தரப்பிரிவின் இளநிலை ஊழியர் ஒருவர் விளக்கட்டும். மேலாளர் விளக்கினால் பாதி விஷயம் வெளிவராது.

அடுத்து, சுயேச்சை. கம்பெனிச் சட்டம் 2013-இன் பிரிவு 149(6) சொல்லும் வரையறைகளில் பயோடெக் துறைக்கென்றே ஓர் ஓட்டை இருக்கிறது. நிறுவனத்திடமிருந்து தன் வருவாயில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பெறும் லாப நோக்கற்ற அமைப்பின் தலைவரோ இயக்குநரோ சுயேச்சை இயக்குநராக முடியாது. நல்ல விதிதான். ஆனால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இருக்கும் பேராசிரியரின் ஆய்வகத்துக்கு உங்கள் நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதி கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் மொத்த வருவாயில் அது தூசு. அந்தப் பேராசிரியரின் ஆய்வகத்திலோ, ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையில் பாதி அதுவாக இருக்கலாம். சட்டப்படி அவர் சுயேச்சையானவர். அடுத்த ஆண்டு நிதி நிற்குமோ என்ற கவலை இருக்கும்வரை நடைமுறையில் அல்ல. உங்கள் மருந்தின் மருத்துவப் பரிசோதனையை நடத்திய முதன்மை ஆய்வாளர், அவருடைய மருத்துவமனையின் அறக்கட்டளைக்கு நன்கொடை தரும் புரமோட்டர் (நிறுவனத்தைத் தொடங்கி, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர்) குடும்பம், நிறுவனத்துக்குக் காப்புரிமையை உரிமத்துக்கு விட்டு ராயல்டி வாங்கும் கண்டுபிடிப்பாளர் என்று இந்த வகை உறவுகள் பல. இவை இருந்தால் அவரை எடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. துறை சின்னது, நல்லவர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்யும். தொகையையும் காலத்தையும் நியமன நோட்டீசில் எழுதுங்கள். சுயேச்சை என்ற பெயரை விட்டுவிட்டு, நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநராகவும் அவரைச் சேர்க்கலாமே.

வாக்குரிமை பற்றியும் ஒரு வார்த்தை. தெரனோஸில் ஹோம்ஸின் ஒவ்வொரு பங்குக்கும் 100 வாக்கு. மொத்த வாக்குரிமையில் 99 சதவீதத்துக்கு மேல் அவர் கையில். எவ்வளவு திறமையான இயக்குநர் வந்தாலும் அங்கே அவர் ஆலோசகர்தான். நம் நாட்டில் சுயேச்சை இயக்குநரின் நியமனத்துக்கு 2022 ஜனவரி முதல் சிறப்புத் தீர்மானம் (பதிவான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு) தேவை, அது நல்ல காப்பு. ஆனால் வாக்கு முடிவில் புரமோட்டர் அல்லாதவர்களின் பங்கு தனியாக எங்கோ ஒரு பட்டியலில் கிடக்கிறது. ஆண்டறிக்கையில் அந்த இயக்குநரின் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள்.

இனி, பின்னணிச் சரிபார்ப்பு. 2022 மே மாதம் அமெரிக்கத் தடுப்பூசி நிறுவனமான மாடர்னாவில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். புதிய தலைமை நிதி அலுவலர் பொறுப்பேற்ற மறுநாளே விலகினார். அவர் முன்பு வேலை பார்த்த நிறுவனம் தன் நிதி அறிக்கைகள் தொடர்பாக உள்விசாரணை நடப்பதாக அறிவித்ததுதான் காரணம். ஒரு நாள் வேலைக்கு, ஒப்பந்தப்படி, ஓராண்டு அடிப்படைச் சம்பளமான 7 லட்சம் டாலர் போனது. அவர் குற்றவாளி என்பதல்ல நாங்கள் சொல்ல வருவது. அவ்வளவு வசதியுள்ள நிறுவனத்துக்கே இது நேரும் என்றால், ஒரு தனியார் ஏஜென்சியிடம் பட்டச் சான்றிதழைக் கொடுத்து ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை வாங்கும் வழக்கம் எவ்வளவு போதாது என்று பாருங்கள். கடந்த பத்து ஆண்டில் நீங்கள் பொறுப்பு வகித்த எந்த நிறுவனத்திலாவது உள்விசாரணையோ ஒழுங்குமுறை விசாரணையோ நடந்ததாக, நடப்பதாக உங்களுக்குத் தெரியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முந்தைய நிறுவனத்தின் தணிக்கைக் குழுத் தலைவரிடம் பேச அனுமதி வாங்குங்கள். பதில் தவறாக இருந்தால் இழப்பீடு கிடையாது என்ற வரி நியமனக் கடிதத்தில் இருக்கட்டும். இவை முடிந்த பிறகே பங்குச் சந்தைக்கு அறிவிப்பு.

அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஒவ்வோர் இயக்குநரின் கடந்த ஐந்து ஆண்டு வேலை விவரத்தையும், பத்து ஆண்டுக்குள் நடந்த குறிப்பிட்ட வகைச் சட்ட நடவடிக்கைகளையும் பங்குதாரருக்குச் சொல்லியாகவேண்டும். நம் விதி 36(3), கடந்த மூன்று ஆண்டில் விலகிய பட்டியலிட்ட நிறுவனங்களின் பெயரைக் கேட்கிறது. அந்தப் பெயர்களோடு விலகிய காரணத்தையும் ஒரு வரி எழுதினால், ஓர் ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது அங்கிருந்து ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகியவரை நாங்கள் அடையாளம் காணமுடியும். உற்பத்தித் தலைவராக இருந்தவர் என்றால், அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளையும் அந்த ஆலைகளுக்கு எஃப்.டி.ஏ. கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்களின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடிதங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. தவறு நடந்த ஆலையைச் சீர்செய்தவராகவும் அவர் இருக்கலாம். அப்படியென்றால் அது அவருடைய ஆகப் பெரிய தகுதி. கேட்டால்தானே தெரியும்.

ஆராய்ச்சிப் பின்னணி என்றால், ஆய்வுக் கட்டுரைகளைப் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தேடல் தளத்தில் தேடி, திரும்பப் பெறப்பட்டவை உண்டா என்று பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்டம் என்றால் ஆய்வேடு பல சமயம் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்கும். காப்புரிமை எண்ணிக்கையைச் சொன்னால், அவர் கண்டுபிடிப்பாளராகப் பெயர் உள்ளவை எத்தனை, அவற்றில் விண்ணப்ப நிலையைத் தாண்டி வழங்கப்பட்டவை எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர் அடையாள எண்ணைக் கொண்டு தேடினால் அவர் இருந்த எல்லாக் கம்பெனிகளும் வரும். மூன்று ஆண்டு தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனி ஒன்று அதில் இருந்தால், பிரிவு 164(2)-இன்படி ஐந்து ஆண்டுத் தகுதியிழப்பு வரை போகும். மறந்துபோன ஒரு ஸ்டார்ட்அப்பால் நல்ல விஞ்ஞானிகள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

தென்னிந்தியப் பெயர்களுக்கு ஒரு சிறப்புக் கவனம் வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்து பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக விரியும். அமெரிக்காவில் படித்தபோது அதுவே குடும்பப் பெயராகியிருக்கும். ஆய்வுக் கட்டுரையில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். அமைச்சகத் தளத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டு. ஒரே வடிவத்தில் தேடினால் கட்டுரையும் வராது, பழைய நடவடிக்கையும் வராது. அதைவிட மோசம், அதே பெயருள்ள வேறொருவரின் வழக்கு இவர் தலையில் ஏறும். பெயரின் எல்லா வடிவங்களையும் ஆண்டுவாரியாக அவரிடமே எழுதி வாங்கி, ஆராய்ச்சியாளர்களுக்கான ஆர்கிட் அடையாள எண் இருந்தால் அதையும் பெற்று, பிறகு தேடச் சொல்லுங்கள்.

அறிவியல் ஆலோசனைக் குழுவை இயக்குநர் குழுவின் பக்கத்திலேயே, அதே அளவுப் புகைப்படங்களோடு அச்சிடுவதை நிறுத்தவேண்டும். இயக்குநருக்குச் சட்டம் பிரிவு 166-இல் கடமைகளை விதிக்கிறது. ஆலோசகருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவரை அழைப்பதும் நிர்வாகம், காட்டுவதும் நிர்வாகம் தேர்ந்தெடுத்த தரவு. அந்தக் குழு உண்மையில் இயங்குகிறது என்றால் அந்த ஆண்டில் எத்தனை முறை கூடியது, ஊதியம் பணமாகவா பங்காகவா, மூலத் தரவைக் கேட்டுப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா, போர்டுத் தலைவருக்கு நேராக எழுதலாமா என்று சொல்லுங்கள்.

இந்தத் தகுதிகளோடு ஆட்கள் எங்கே என்று கேட்பீர்கள். சுயேச்சை இயக்குநர்களின் தரவுத்தளத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அங்குள்ள தகுதித் தேர்வு கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தைச் சட்டம், கணக்கியல் ஆகியவற்றைத்தான் சோதிக்கிறது. பெரிய ஆலைகளின் ஓய்வுபெற்ற தரப்பிரிவுத் தலைவர்கள், மருத்துவக் கல்லூரிகளின் உயிர்ப் புள்ளியியல் துறையினர், அரசு தடுப்பூசி நிறுவனங்களில் உற்பத்தியை நடத்தியவர்கள் ஆகியோரிடம் போய்க் கேளுங்கள். சட்டமும் கணக்கும் அவர்களுக்குச் சில மாதங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நொதித்தல் கலம் ஏன் தோற்றது என்று கேட்கும் அறிவை அப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒருவர் ஏழு பட்டியலிட்ட நிறுவனங்கள் வரை சுயேச்சை இயக்குநராக இருக்கலாம் என்று விதி இடம் தருகிறது. ஆலைக்குப் போய் பேட்ச் பதிவைப் புரட்டவேண்டிய பொறுப்புக்கு ஏழு மிக அதிகம். மூன்றுக்கு மேல் வைத்திருப்பவரைப் பரிந்துரைக்கும்போது அவர் எப்படி நேரம் ஒதுக்குவார் என்பதை நோட்டீசிலேயே எழுதுங்கள்.

மார்ச் 31-இல் நிதியாண்டு முடிந்து, செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும். நோட்டீஸ் 21 முழு நாள் முன்னதாக வரும். புதிய திறன் அட்டவணைக்கு விதித்திருத்தம் எதுவும் தேவையில்லை. அட்டவணை 5-இல் உள்ள இடமே போதும். உங்கள் குழு ஒரு கூட்டத்தில் தீர்மானித்து, கம்பெனி செக்ரட்டரியிடம் படிவத்தைக் கொடுத்தால் அடுத்த அறிக்கையிலேயே வந்துவிடும். ஏழு கட்டப் படிவத்தின் மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறோம். கேட்கும் நிறுவனத்துக்கு அனுப்புவோம். வரும் பொதுக்கூட்டங்களில், இயக்குநர் நியமனத் தீர்மானம் எடுக்கப்படும்போது, தரம், உற்பத்தி ஆகிய இரண்டு கட்டங்களையும் போர்டில் நிரப்புவது யார் என்று பேச்சாளராகப் பதிவு செய்துகொண்டு கேட்போம். பெயரையும் ஆண்டையும் சொல்லி பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பயோடெக் நிறுவனங்களின் சிறு பங்குதாரர்களும், மருந்து ஆலைத் தரப்பிரிவினரும்